தூத்துக்குடி போர்த் தண்ணியும் என் கறுப்புக் காரும்

2019-இல் தூத்துக்குடிக்கு மாற்றல். கையில் புதுக் கறுப்புக் கார். உப்பளத்து ஊர், கடல் காத்து, துருப் பிடிச்சுரும்னு எல்லாரும் சொல்ல, முதல் மாசமே பெயிண்டுக்கு மேலே பாதுகாப்புக்குப் பூசுகிற செராமிக் கோட்டிங் போட்டுட்டேன். துரு வரவில்லை. வந்தது வேறு ஒன்று.

கோட்டிங் போட்ட பானட்டில் தண்ணி தாமரை இலையில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நான் ஊற்றியது வீட்டு போர்த் தண்ணி. கழுவி அப்படியே விட்டுட்டு ஆபீசுக்குக் கிளம்புவேன். வெயிலில் ஒவ்வொரு முத்தும் காய்ந்து, அதிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் ஒரு வளையமாகப் படிந்துவிடும். ஆறே மாசத்தில் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டம். நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்படும்.

தெருவில் கார் கழுவுகிற பெரியவர் குனிந்து பார்த்துட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இது அழுக்கு இல்ல, தண்ணிக் கறை. சோப்புக்குப் போவாது."

வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, நிழலில் வைத்து, ஒரு நிமிஷம் ஊறவிட்டு அலசினேன். மேலாகப் படிந்தவை போயின. பெயிண்டில் இறங்கியவை போகவில்லை. மெஷின் பாலிஷ்தான் வழி என்றார்கள். நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்னும். மனசில்லாமல் ஒரு தடவை செய்தேன். பாலிஷோடு கோட்டிங்கும் போச்சு, திரும்பப் போடவில்லை.

அதுக்கப்புறம் கழுவ போர்த் தண்ணி, கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணி அரை வாளி. அலசிய கையோடு மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிடுவேன். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். புது வட்டம் ஒன்றுகூட விழவில்லை.

ஆடிக் காத்து தனிக்கதை. தேரி என்கிற செம்மணல் மேடுகளிலிருந்து மணல் பறந்துவந்து காரில் செக்கச்செவேலென்று படியும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். கவர் போட்டாலும் காத்தில் அது படபடத்து உள்ளே இருக்கிற மணலைத் தேய்க்கும். முதலில் தண்ணி அடித்து மணலை இறக்கணும், பிறகுதான் கை வைக்கணும்.

உப்புக் காத்தும் சும்மா விடாது. கல் பட்டு பெயிண்ட் தெறித்த இடம், கதவின் அடி விளிம்பு, அங்கேதான் துரு தொடங்கும். கதவுக்கு அடியில் தண்ணி வடிகிற ஓட்டைகளைச் சின்னக் குச்சியால் சுத்தம் பண்ணிக்கிட்டே இருந்தேன். தெறித்த இடத்தில் உடனே டச்-அப் பெயிண்ட் தொட்டு வைப்பேன்.

இப்போ கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணியில் கழுவினால் கறையே இல்லை, வேக்ஸ் மட்டும் போடுகிறேன். இங்கே தொல்லை காக்கா எச்சம். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்துத்தான் எடுக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் கோட்டிங்குக்குப் பணம் கட்டுமுன் ஒரு கண்ணாடித் துண்டில் வீட்டுத் தண்ணி நாலு சொட்டு விட்டு வெயிலில் வையுங்கள். காய்ந்ததும் வெள்ளை வட்டம் தெரிந்தால், முதலில் நல்ல தண்ணிக்கு ஒரு வாளி ஏற்பாடு பண்ணுங்கள்.