"குண்டாகப் பயமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும்

புலம்பெயர்ந்த பெண்களிடம் உணவுக் கோளாறு (சாப்பிடும் விதத்தையே குலைக்கும் மனநலக் கோளாறு) கண்ணில் படாமல் போவதற்குப் பெரும்பாலும் மருத்துவமனையில் கேட்கும் கேள்விதான் காரணம். "உடம்பு போட்டுவிடும் என்று பயமா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லை, வயிறு உப்புசம், பசியே இல்லை" என்பார்கள். கேஸ்ட்ரிக் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ குழுவினர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் 70 அனோரெக்சியா (சாப்பாட்டைக் குறைத்து ஆபத்தான அளவு மெலிந்துபோகும் கோளாறு) நோயாளிகள். அதில் 41 பேருக்குப் பருமன் பயமே கிடையாது.

"மேல்நாட்டு மோகம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் சரியில்லை. ஆய்வாளர் மெர்வத் நாசர் 1986-இல் எழுதியது: லண்டனில் படித்த 50 அரபு மாணவிகளில் 6 பேருக்குப் புலிமியா (அளவின்றித் தின்றுவிட்டு, வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் கோளாறு), கெய்ரோவில் படித்த 60 பேரில் ஒருவருக்கும் இல்லை. விளம்பரத்தில் வரும் இடுப்பு மட்டுமா மாறுகிறது? தனியாகச் சாப்பாடு, இரவு ஷிஃப்ட், "ஏன் சாப்பிடலை?" என்று கேட்க ஆளில்லை. போனில் ஊரிலிருந்து "பெருத்துட்டியே" என்று ஒரு குரல், "இளைச்சுட்டியே" என்று இன்னொன்று.

அதனால் "நேற்று எழுந்ததிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, யாரோடு?" என்று கேளுங்கள். பகல் முழுக்கப் பட்டினி என்றால் இரவில் கட்டுப்பாடில்லாமல் தின்பது உடம்பின் பதில்; மன உறுதிக் குறைவு இல்லை. மூன்று வேளை உணவு, நடுவே இரண்டு மூன்று சிற்றுண்டி, இடைவெளி நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்கும்.

*

மொழிபெயர்ப்பு பற்றிச் சில. மொழிபெயர்க்கக் கணவரையோ மகளையோ நடுவில் உட்கார வைக்காதீர்கள். வாந்தி பற்றிய பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உணவுக் கோளாறு இருக்கலாமா என்று முதலில் பார்க்க உதவும் ஸ்காஃப் (SCOFF) என்ற ஆங்கிலக் கேள்விகள் ஐந்து. இரண்டுக்கு "ஆம்" வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். முதல் கேள்வியில் வரும் "சிக்" (sick, இங்கே வாந்தி) என்ற சொல்லை "உடம்பு சரியில்லாமல்" என்று மாற்றினால் கேள்வியே போச்சு. "நீங்களாகவே வாந்தி எடுப்பதுண்டா?" என்று நேராகக் கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் "ஒரு ஸ்டோன்" குறைந்ததா என்ற கேள்வியில் ஸ்டோன் என்பது பிரிட்டிஷ் எடை அளவு, சுமார் 6.35 கிலோ. அதைக் "கல்" என்று சொன்னவர்களும் உண்டு!

வாந்தி எடுப்பவர் உடனே பல் தேய்க்கக் கூடாது, அமிலத்தில் இளகிய எனாமல் தேய்ந்துவிடும்; தண்ணீரில் கொப்பளித்தால் போதும். இரத்தத்தில் பொட்டாசியமும் இசிஜியும் பார்க்கச் சொல்லுங்கள், பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

வீட்டாருக்கு ஒன்று. பல நாள் சரியாகச் சாப்பிடாமல் ரொம்ப மெலிந்தவருக்குப் பாசத்தில் ஒரேயடியாக ஊட்டாதீர்கள். இரத்தத்தில் உள்ள பாஸ்பேட் என்ற தாது உப்பு சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவில் தொடங்குவது, எப்படிக் கூட்டுவது என்பதை மருத்துவர் இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.