தடம் இருக்கிறது, படம்தான் இல்லை: டிரெயில் கேமரா அனுபவங்கள்

கோரையாற்றுக் கரையிலிருந்து:

நீர்நாயைப் படம்பிடிக்க, பிராணி நடமாடினால் தானாகப் படம் எடுக்கும் டிரெயில் கேமராவைக் கட்டியும், காலையில் போனால் சேற்றில் அதன் புதுத் தடம், விரலிடைச் சவ்வுகூடப் பதிந்திருக்கிறது, பக்கத்திலேயே மீன் செதிளும் நண்டு ஓடும் கலந்த எச்சம். கேமராவைத் திறந்தால் ஆடும் நாணலும் இரண்டு கொக்கும்தான் என்று எழுதியிருந்தீர்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில் எனக்கும் இதேதான் நடந்தது. பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், சார். பெரும்பாலும் கேமரா நன்றாகத்தான் இருக்கும்.

படம் எடுப்பது லென்ஸ். எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்வது அதற்குக் கீழே புடைத்துத் தெரியும் சென்சார். அதற்கு உருவம் எதுவும் தெரியாது. எதிரே உள்ள இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பின்புலத்தைவிடச் சூடு கூடியதோ குறைந்ததோ ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்கிறதா என்று மட்டும் பார்க்கும். நீர்நாய் தண்ணீரிலிருந்து ஏறும்போது இங்கேதான் சிக்கல். அதன் உள்மயிர் காற்றைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை வெளியே விடாது. மேல்மயிரோ ஆற்றில் ஊறி, ஆற்றுத் தண்ணீரின் சூட்டிலேயே இருக்கும். கண்ணெதிரே ஒரு குடும்பமே கரையேறினாலும் சென்சாருக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது.

அதனால் ஏறுதுறையில் கட்டுவதை விட்டுவிட்டு, அவை வழக்கமாக எச்சமிடும் மணல் திட்டைப் பார்த்துக் கட்டினேன். அங்கே வந்தால் உடனே போகமாட்டா. புரளும், முதுகைத் தேய்க்கும், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடக்கும். மயிர் உலர உலர உடம்புச் சூடு வெளியே தெரியும், சென்சாரும் பிடித்துக்கொள்ளும். கூடவே விடியலிலும் அந்தியிலும் நிமிடத்துக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி டைம்லாப்ஸ் போட்டு வைத்தேன். அதற்குச் சென்சாரே வேண்டாம். முதல் நல்ல படம் அதில்தான் கிடைத்தது. தாய் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கெண்டையை இடுக்கிப் பிடித்துத் தலையிலிருந்து தின்றுகொண்டிருக்கிறது. குட்டி அதன் பிடரி மேல் ஏறி எட்டிப் பார்க்கிறது, மீசை நனைந்து கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது. அன்றைக்குத் தெருவில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் அதைக் காட்டினேன்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பகல் 38 டிகிரியைத் தொடும்போது கரை மண்ணும் பிராணியின் மேல்மயிரும் ஏறக்குறைய ஒரே சூடாகிவிடும். அந்த மாதங்களில் சென்சிட்டிவிட்டியை ‘ஹை’யில் வையுங்கள், பகல் பதிவை அதிகம் நம்பாதீர்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், தண்ணீர் நம் பக்கம் வந்து சேர்வதற்குள் கேமராவை மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள்.

கோடியக்கரை பக்கத்திலிருந்து:

அண்ணன் சொன்னது தண்ணீரில் திரியும் பிராணிக்கு. எங்கள் பக்கத்து நரிக்கு விஷயம் வேறு. சரணாலயத்துக்குள் கேமரா கட்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால், நான் கட்டியது சொந்தச் சவுக்குத் தோப்பில். ஒற்றையடிப் பாதையை நேராகப் பார்க்கிற மாதிரி கட்டினால் நரி கேமராவை நோக்கி வரும். அப்படி வரும்போது அது பட்டை தாண்டுவதே குறைவு, சென்சார் விழிப்பதற்குள் கடந்துவிடும். பாதைக்குக் குறுக்கே திருப்பிக் கட்டினால் வால் மட்டும் விழும். 45 டிகிரி சாய்த்து முழங்கால் உயரத்தில் கட்டிய பிறகுதான் முகம் கிடைத்தது. சோதிக்கும்போது நிமிர்ந்து நடந்து பார்ப்பதில் பயனில்லை. மனிதன் உயரம், அகலம், எந்த சென்சாரும் பிடித்துவிடும். குனிந்து, தவழ்ந்து, குறுக்கே போய்ப் பாருங்கள்.

அப்புறம் பேட்டரி. பகல் படம் சரியாக வந்து ராத்திரிப் படம் மட்டும் இருட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ முதலில் அதைப் பாருங்கள். ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கு எரிய மின்சாரம் நிறைய வேண்டும். சாதாரண ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான் தரும், சில கேமராக்களுக்கு அது போதாது. லித்தியம் செல் விலை கூடுதல்தான், ஆனால் கடைசிவரை 1.5 வோல்ட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். எங்கள் உப்புக்காற்றில் பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

மீண்டும் கோரையாற்றுக் கரையிலிருந்து:

தம்பி, தவழ்ந்து சோதிப்பது நல்ல யோசனை, நானும் இனி அப்படியே செய்கிறேன். நாணல் ஆடுவதே படமாக விழுகிறதே என்று கேட்டவருக்கு: வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலும் சென்சார் தட்டும். பாதி நாளில் மெமரி கார்டு நிறைந்துவிடும், ராத்திரி நீர்நாய் வரும்போது இடமிருக்காது. லென்ஸுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரம் மட்டும் அறுத்து விடுங்கள். கரையையே மொட்டையடித்தால் மறைவு போய் அவை வழியை மாற்றிக்கொள்ளும். முடிந்தால் வடக்குப் பார்த்துக் கட்டுங்கள், காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே விழாது. வாரம் ஒருமுறை சிலந்தி வலையைத் துடையுங்கள். ராத்திரி விளக்கில் அந்த ஒரு இழையே படம் முழுவதையும் வெள்ளையாக்கிவிடும். எறும்பு கேமராவுக்குள் முட்டை வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று மட்டும் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டம் காக்கும் பிராணி நீர்நாய். ஆனாலும் வலை கிழிந்த கோபத்தில் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. படத்தைப் போடும்போது பின்னால் மதகோ பாலமோ மின்கம்பமோ தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள். எந்த வாய்க்கால், எந்தத் திட்டு என்று யார் கேட்டாலும் எழுதாதீர்கள்.