கலைச்சொல்: இதயக் குழலின் வளைமுறுக்கம் (வலம்புரி ஏன் வேண்டாம்)

நண்பர்களுக்கு வணக்கம்.

முதுகெலும்பிகளின் கருவில் இதயக் குழல் ‘லூப்’ ஆவதற்கு, அதாவது நேராக இருந்தது வளைந்து திரும்புவதற்கு, நம் சொற்பட்டியலுக்காகத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு இதுவரை இதய வளைவு, இதயக் கண்ணி, இதயச் சுருள்வு, வலம்புரி இதயம் என்று நான்கு வந்திருக்கின்றன. கடைசிச் சொல்தான் பலருக்கும் பிடித்திருக்கிறது. அழகான சொல்தான், ஆனால் இங்கே அது தவறான பொருள் தரும் என்பதால் இந்த நீண்ட மடல்.

முதலில் நடப்பது என்னவென்று பார்த்துவிடுவோம். இதயம் கருவின் நடுக்கோட்டில் ஒரு நேரான குழலாகத்தான் தொடங்குகிறது. மனிதரில் இது நான்காவது வாரம். குழலின் இரு முனைகளும் உடலோடு பிடிப்பாக இருக்க, இடைப்பகுதி நீண்டுகொண்டே போகிறது. நீளம் கூடக் கூட அது வளைந்துதான் ஆக வேண்டும். கோழிக்கருவில் இதைக் கூர்ந்து கவனித்தால் இரண்டு செயல்கள் சேர்ந்திருப்பது தெரியும். குழல் வயிற்றுப்பக்கமாகப் புடைக்கிறது. கூடவே தன் அச்சில் வலப்பக்கம் திரும்புகிறது. முன்னோக்கி இருந்த பரப்பு இப்போது வலப்புற வெளிவிளிம்பாகிவிடுகிறது. ஆகவே ‘வலப்பக்கம் வளைகிறது’ என்று நாம் சொல்வது பாதிதான் சரி; முறுக்கம் இல்லாமல் அந்த வலப்பக்கம் கிடைக்காது.

இதனால்தான் ‘வளைவு’ போதாது. தவிர, பெருந்தமனி வளைவு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். கண்ணி என்றால் மூடிய சுருக்கு. இதுவோ ஒரு முனையில் இரத்தம் நுழைந்து மறு முனையில் வெளியேறும் திறந்த குழல். சுருள்வு என்றால் பல சுற்றுகள் மனத்தில் வரும்.

என் பரிந்துரை: வளைமுறுக்கம்.

‘முறுக்குதல் பிறவினை, யார் முறுக்குகிறார்கள்?’ என்று முந்தைய மடலில் ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. 2013இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீனின் இதயக் குழலைக் கருவிலிருந்து பிரித்தெடுத்து வளர்ப்பு ஊடகத்தில் வைத்தார்கள். உடலைவிட்டு வந்த பிறகும் அது தானாகவே சரியான திசையில் வளைந்தது. எனவே தன்வினைக்கும் இடம் தரும் சொல்தான் வேண்டும். இறுகு, இறுக்கு இரண்டுக்கும் இறுக்கம் பொருந்துகிறது; சுருங்கு, சுருக்கு இரண்டுக்கும் சுருக்கம். அதே போல முறுகு, முறுக்கு இரண்டுக்கும் முறுக்கம். ‘வளைமுறுகல்’ என்றும் யோசித்தேன். ஆனால் முறுகல் என்றதும் இங்கே தோசை நினைவுக்கு வரும். இலங்கைச் செய்தித்தாள்களில் அது உறவில் ஏற்படும் உரசலைக் குறிக்கும். வேண்டாம்.

இனி வலம்புரி. நம் வழக்கில் அரிதான சங்குதான் வலம்புரி, சாதாரணமாகக் கிடைப்பது இடம்புரி. விலங்கியல் ஓடுகளுக்குத் திசை சொல்லும் முறை இதற்கு நேர்மாறு: நம் வலம்புரியை அது இடச்சுருள் என்கிறது, இடம்புரியை வலச்சுருள் என்கிறது. இயல்பான இதயத்துக்கு வலம்புரி என்று பெயர் வைத்தால், அரிதானது என்ற பொருளும் தலைமாறிய திசையும் ஒன்றாக உள்ளே வந்துவிடும். வல வளைமுறுக்கம், இட வளைமுறுக்கம் என்று நேராகச் சொல்லலாம்.

அப்போதும் யாருடைய வலம் என்ற கேள்வி நிற்கும். அடைகாப்பில் ஏறத்தாழ 40 மணி நேரம் ஆன கோழிமுட்டையின் ஓட்டில் சன்னல் வெட்டிப் பார்த்தால், கரு முதுகை நமக்குக் காட்டிக்கொண்டு கிடக்கும். தலை நமக்கு அப்பால் இருக்கும்படி முட்டையைத் திருப்பி வைத்தால், துடிக்கும் சிறு புடைப்பு நம் வலக்கைப் பக்கம் தெரியும். எலிக்கருவை முன்புறமிருந்து எடுத்த படத்திலோ அதே புடைப்பு இடப்பக்கம் இருக்கும். இரண்டிலும் கருவுக்கு அது வலம்தான். சொற்பட்டியலின் விளக்கத்தில் ‘இடம், வலம் என்பன கருவின் உடலைக் கொண்டே’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

அடுத்தது உறுப்புகளின் அமைவு. உள்ளுறுப்புகள் முழுவதும் பக்கம் மாறியிருக்கும் நிலைக்கு ‘தலைகீழ் அமைவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தலை மேலேதான் இருக்கிறது, மாறியது பக்கம் மட்டுமே. ‘இடவல மாற்றமைவு’ போதும். ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது, பெரும்பாலோர் நலமாகவே வாழ்கிறார்கள். சில உறுப்புகள் மட்டும் மாறிக் கிடப்பதுதான் ஆபத்து; கடுமையான இதயக் குறைபாடுகள் அங்கேதான் அதிகம். அதற்குக் ‘கலப்பமைவு’. ஒரு பெற்றோரிடம் விளக்கும்போது இந்த இரண்டு சொற்களும் குழம்பவே கூடாது. கலப்பமைவில் இரு மேலறைகளும் ஒரே பக்கத்து வடிவம் கொள்வதற்கு வேதியியலின் ‘மாற்றியம்’ என்ற சொல்லைக் கொண்டுவர வேண்டாம். ‘இருபுற இடவடிவம்’, ‘இருபுற வலவடிவம்’ என்றாலே புரியும்.

வளைமுறுக்கத்தின் திசையையும் மேலறைகளின் பக்க அடையாளத்தையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பதும் சரிவராது. கருவின் இடப்பக்கத்தில் மட்டும் செயல்படும் பிட்எக்ஸ்2 மரபணு இல்லாத எலிகளில், குழல் பெரும்பாலும் வலப்பக்கமே திரும்புகிறது, ஆனால் இரு மேலறைகளும் வலவடிவம் கொள்கின்றன. மனிதரிலும் மேலறைகள் இயல்பாக இருக்க, கீழறைகள் மட்டும் இட வளைமுறுக்கத்தில் அமைவதுண்டு.

கடைசியாகக் கணு, அதாவது தொடக்கநிலைக் கருவின் நடுக்கோட்டில் இருந்து இடம், வலத்தை முடிவுசெய்ய உதவும் சிறு பகுதி. எலிக்கருவின் கணுவில் குற்றிழைகள் (செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிர் போன்ற நுண்ணிழைகள்) சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளுவதை 1998இல் டோக்கியோவில் ஹிரோகாவா குழு காட்டியது. 2002இல் வெளியிலிருந்து எதிர்த்திசையில் ஓட்டம் கொடுத்தபோது பக்கமே மாறியது. குற்றிழை அசையாதவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இடவல மாற்றமைவு இருப்பதற்கும் இதுதான் விளக்கம்: தள்ளும் ஓட்டம் இல்லாதபோது பக்கம் தற்செயலாக அமைகிறது. கோழிக்கருவில் அப்படிச் சுழலும் குற்றிழை கிடையாது, அங்கே செல்களே இடப்பக்கம் நகர்கின்றன. ஆகவே ‘குற்றிழைக் கணு’ என்ற பரிந்துரை எல்லா விலங்குக்கும் பொருந்தாது. வெறும் ‘கணு’ என்றும் விட முடியாது, இதயத் துடிப்பைத் தொடங்கும் சைனஸ் கணுவும் இதயத்தைப் பற்றிய ஒரே கட்டுரையில் வரலாம். பிட்எக்ஸ்2 இடப்பக்கத்தில் அந்தக் கணு உருவாகாமல் தடுக்கிறது என்று எழுதும்போது எந்தக் கணு என்று தெரிய வேண்டும்.

நான் ‘கருக்கணு’ என்று வைத்திருக்கிறேன். கருவை முளையம் என்றே வழங்கும் இலங்கை நண்பர்களுக்கு ‘முளையக்கணு’ இயல்பாக இருக்குமா, அல்லது இரண்டையும் பட்டியலில் தரலாமா? கருவிலிருக்கும் குழந்தைக்கு இதய ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். இட வளைமுறுக்கம் என்று பெற்றோரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள்.