இங்கிலாந்து லான் பவுல்ஸ்: இத்தனை சங்கம் எதற்கு?

சாய்பந்து:
லான் பவுல்ஸ், அதாவது சின்ன இலக்குப் பந்துக்கு அருகில் நிற்கும்படி பெரிய பந்துகளை உருட்டும் ஆட்டம். அதைக் கோடையில் புல்தரையில் ஆடினால் பவுல்ஸ் இங்கிலாந்து என்ற சங்கம். குளிர்காலத்தில் அதே பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளரங்கக் கம்பளத்துக்குப் போனால் இங்கிலிஷ் இன்டோர் பவுலிங் அசோசியேஷன். ஆள் ஒருவர்தான், கிளப் வழியாகக் காசு போவது இரண்டு இடத்துக்கு. வடக்கே கிரவுன் கிரீன் என்ற இன்னொரு வகை ஆட்டத்துக்கு வேறு தனிச் சங்கம். எல்லாவற்றையும் ஒரே தேசிய அமைப்பாக்கினால் என்ன?

மேட்டுத்திடல்:
முதலில் கிரவுன் கிரீனை விட்டுவிடுங்கள் அண்ணா. அங்கே தரையே நடுவில் மேடு. எந்தத் திசையிலும் உருட்டலாம். ஜாக் என்ற இலக்குப் பந்துக்கும் சாய்வு உண்டு, வளைந்து ஓடும். உங்கள் சமதரை ஆட்டத்தில் அளந்து பிரித்த பாதை, நேராக ஓடும் ஜாக். கட்டம் இருக்கிறது என்பதற்காகச் சதுரங்கத்தையும் தாயத்தையும் ஒரே சங்கத்தில் சேர்ப்பீர்களா?

சாய்பந்து:
சரி, தாயத்தில் தோற்றேன். கிரவுன் கிரீனை விட்டுவிடுகிறேன். ஆனால் சமதரைக் கதையைப் பாருங்கள். ஆண்கள் சங்கம் 1903-இல் தொடங்கியது. முதல் தலைவர் கிரிக்கெட் தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ். பெண்கள் சங்கம் 1931-இல். இரண்டும் சேர்ந்து பவுல்ஸ் இங்கிலாந்து ஆனது 2008-இல். ஒரே ஆட்டம் சேரவே 77 வருடம்! உள்ளரங்கமும் அவ்வளவு காத்திருக்க வேண்டுமா?

மேட்டுத்திடல்:
அங்கே இரண்டு பேருக்கும் தரை ஒன்று, கவலையும் ஒன்று: மழை, புல்வெட்டு, காய்ந்துபோன திட்டு. உள்ளரங்கக் கிளப்புக்குக் கட்டடமும் மின்கட்டணமும்தான் தலைவலி. இரண்டையும் ஒரே குழுவில் உட்கார வைத்தால் வரவுசெலவுக் கூட்டத்தில் அடிதடிதான்.

லெமிங்டன் ரசிகை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா ஊரில், விக்டோரியா பூங்காவில்தான் பவுல்ஸ் இங்கிலாந்தின் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. 2022 காமன்வெல்த்தில் இந்தியப் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியதும் அங்கேதான். (அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது!) 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்துக்கோ ஆட்டத்தை உள்ளரங்கக் கம்பளத்துக்கு மாற்றிவிட்டார்கள். புல்லில் தேறியவரை அனுப்புவதா, கம்பளத்தில் தேறியவரையா? இரண்டு சங்கமும் பேசாமல் இதை எப்படி முடிவு செய்வது?

சாய்பந்து:
அக்கா, ஒரு வாரமாக நான் சொல்லத் தெரியாமல் தவித்தது இதுதான்.

மேட்டுத்திடல்:
தேர்வுக் குழு பொதுவாக இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. அதற்காகச் சங்கத்தையே கரைக்க வேண்டுமா?

சாய்பந்து:
அப்படியென்றால் சந்தாவையாவது ஒன்றாக்குங்கள்.

மேட்டுத்திடல்:
அந்தப் பணத்தில் புல்லுக்கு எவ்வளவு, கம்பளத்துக்கு எவ்வளவு? அதை மட்டும் உங்கள் கிளப் பொருளாளரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.