பெரிய கோவில், மூன்றாம் பிறை, ட்ரைபாட் இல்லை: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, தஞ்சைப் பெரிய கோவிலை அடுத்த மூன்றாம் பிறையன்று அந்தியில் படம் எடுக்க ஆசை. கோவில் கிழக்கு பார்த்தது, கிழக்கே உள்ள உள்கோபுர வாயிலான ராஜராஜன் திருவாசல் பக்கம் நின்றால் விமானத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கி அதே மேற்கு வானில் பிறையும் நிற்கும், விளக்கும் போட்டிருப்பார்கள், ஆனால் விளக்கொளியும் வான நீலமும் சமமாக நிற்கும் நேரம் நம் ஊரில் ரொம்பக் குறைவு, அரை மணி நேரம்கூடத் தேறாது.

தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் ட்ரைபாட் (கேமரா தாங்கும் முக்காலி) கூடாது. கையில் பிடித்து 24 எம்எம் லென்ஸ், எஃப் 4 துளை, 1/30 நொடி என்றால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று ஏறும். அந்த அளவில் விமானத்தின் 13 தளத்துச் சிற்பங்களின் நுணுக்கம் தாங்குமா? ஒரே ஐஎஸ்ஓவில் பல படங்களைத் தொடர்ந்து எடுத்து அப்புறம் கணினியில் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான குறை) குறையும் என்கிறார்கள், கையில் பிடித்து யாராவது செய்ததுண்டா?

இன்னொன்று, வெள்ளைச் சமநிலை, அதாவது ஒளியின் நிறத்துக்கு ஏற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்வது. மஞ்சள் விளக்குக்குச் சரிசெய்தால் வானம் அளவுக்கு மீறி நீலமாகிறது, வானத்துக்குச் சரிசெய்தால் கருங்கல் ஆரஞ்சாகிறது. ஆயிரம் வருடக் கல் கல்லாகவே தெரிய வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்பவர்கள் எந்தக் கெல்வினில் (ஒளியின் நிற வெப்பநிலை அளவு) தொடங்குகிறீர்கள்? நீங்கள் எடுத்த படம் இருந்தால் அமைப்புகளோடு போடுங்கள்.