மூன்று எஞ்சின் டிப்கோ விமானம்: எந்த வருடம், வாலில் பூசிய பெயின்ட்டை எடுக்கலாமா?

தகரவண்டி:
யுங்கர்ஸ் யு 52 என்ற ஜெர்மன் விமானத்தின் சாயலில், சாவி கொடுத்து ஓடும் தகர விமானம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெட்டி இல்லை. நியூரம்பர்க் பொம்மைக் கம்பெனி டிப் அண்ட் கோ (டிப்கோ) செய்தது, 1932 என்கிறார் விற்பவர். இறக்கையில் டி-ஏ என்று தொடங்கும் பதிவெழுத்துகள், அடியில் "டி.ஆர்.ஜி.எம்." முத்திரை. வால் துடுப்பில் மட்டும் கையால் பூசிய கறுப்பு பெயின்ட். நடுக் காற்றாடி மற்ற இரண்டையும் விடப் பளபளப்பு. சாவி அரைச் சுற்றோடு நின்றுவிடுகிறது. இறக்கைக்கு அடியில் துரு. வாங்கலாமா? பெயின்ட்டைத் தின்னர் வைத்து எடுக்கலாமா?

லித்தோப்பித்தன்:
1932 இருக்க முடியாது. 1934 வரை ஜெர்மன் விமானங்களுக்கு டி-க்குப் பிறகு எண்கள்தான். டோர்னியர் டோ எக்ஸ் என்ற ஜெர்மன் விமானத்தின் டி-1929 அப்படித்தான் (அது பதிவெண், அதை வருடம் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு). நாலெழுத்துப் பதிவு 1934-இல் வந்தது. டி.ஆர்.ஜி.எம். (வடிவமைப்பைப் பதிவு செய்த ஜெர்மன் முத்திரை) பதிவு 1891-லேயே தொடங்கிவிட்டது, அதனால் அதை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது. "யு.எஸ். ஸோன் ஜெர்மனி" (ஜெர்மனியின் அமெரிக்க ஆக்கிரமிப்புப் பகுதி) என்று எங்காவது அச்சாகியிருந்தால் போருக்குப் பிந்தையது.

கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் பெரும்பாலும் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா இருக்கும். 1933 முதல் நிஜ விமானங்களின் வாலில் அது வந்தது, பொம்மைகளிலும் ஏறியது. டிப்கோவை நடத்திய பிலிப் உல்மன் ஒரு யூதர். 1933-இல் இங்கிலாந்துக்குப் போய் நார்த்தாம்ப்டனில் மெட்டாய் பொம்மைக் கம்பெனியைத் தொடங்கினார். அவர் விட்டுப்போன ஆலையில்தான் அந்தச் சின்னத்தோடு விமானங்கள் அச்சாகின.

சாவிக்காரன்:
அசலா என்று பார்க்க 10 மடங்கு பூதக்கண்ணாடி போதும். பழைய லித்தோவில் (தகரத்தின் மேல் வண்ணம் அச்சிடும் முறை) ஒவ்வொரு நிறமும் தனி மையாக, திட்டுத் திட்டாகத் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ரோஜா இதழ் போல வட்டமாகக் கூடி நின்றால் அது படமெடுத்து அச்சிட்ட நகல்.

அடுத்து, தகரத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் மடிப்பு நாக்குகள். இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் நாக்கின் முதுகில் புதுக் கீறலோ, துருவில்லாத வெள்ளைத் தகரமோ தெரிந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். இரண்டு மூன்று முறை மடக்கினாலே நாக்கு ஒடிந்துவிடும். நடுக் காற்றாடி மாற்றியதுதான் என்று நினைக்கிறேன். மூன்றின் அகலத்தையும் அளந்து பாருங்கள். மாற்று உறுப்பு என்றால் வாங்காமல் விட வேண்டியதில்லை, விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சாவியை மட்டும் அழுத்தித் திருகாதீர்கள். அரைச் சுற்றில் நிற்கிறது என்றால் ஸ்பிரிங் ஏற்கெனவே முறுக்கேறி, கிரீஸ் கெட்டியாகிப் பல்சக்கரம் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். மேலும் திருகினால் பல் உடையும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் முனை அறும். சாவித் துளை வழியாக ஊசி முனையில் கடிகார எண்ணெய் எடுத்து, எட்டுகிற பல்சக்கர அச்சுமுனைகளுக்கு ஒரு சொட்டு மட்டும் வைத்து ஒரு நாள் விடுங்கள். ஸ்பிரே எண்ணெய் வேண்டாம், அது வண்ணம் அச்சிட்ட பரப்பில் கசிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

தகரவண்டி:
நன்றி. துருவும் பெயின்ட்டும்?

லித்தோப்பித்தன்:
தின்னர் கிட்டேயே போக வேண்டாம். மேல் பெயின்ட் இளகும்போது அடியிலுள்ள லித்தோ வார்னிஷும் சேர்ந்து இளகும், அசல் மையும் பஞ்சோடு வந்துவிடும். 1945-க்குப் பிறகு பல வீடுகளில் இப்படிப் பூசி மறைத்தார்கள், அதுவும் இந்த விமானத்தின் வரலாறுதான். எடுத்துவிட்டு ஜெர்மனியில் விற்க நினைத்தால் தண்டனைச் சட்டம் 86ஏ குறுக்கே வரும். அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்ட அங்கே தடை. வரலாறு, கல்வி போன்றவற்றுக்குத்தான் விலக்கு.

துருவுக்கு உப்புத்தாள் கூடாது. மூங்கில் குச்சியால் தளர்ந்த செதிலை மட்டும் தட்டிவிட்டு, வெறும் தகரம் தெரியும் இடத்தில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாகத் தடவினால் போதும். அழுக்குக்குக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சி. முதலில் இறக்கைக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் சோதியுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் உலர்ந்த தூரிகையோடு நிறுத்திவிடுங்கள்.

சாவிக்காரன்:
வைக்கிற இடம்: ஈரப்பதம் 40–50 சதவீதம். ஓக் மர அலமாரி வேண்டாம், அதிலிருந்து வரும் அமில ஆவி ஈய, துத்தநாக உறுப்புகளை அரிக்கும்.