பில்ட்-இன் ஓவன்: மின்சாரத்தை வீணாக்காமல் பேக்கிங் செய்வதும் குளிர்காலத்தில் தயிர் தோய்ப்பதும்

குன்னூர்ச் சாரல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் உள்ள எங்கள் வீட்டின் சமையலறையைப் புதுப்பித்தபோது, அலமாரிக்குள் பொருத்தும் வகையான மின்சார ஓவன் ஒன்றை வைத்தோம். கொள்ளளவு 70 லிட்டர். மேல் காயில், கீழ் காயில், கிரில், பின்பக்க மின்விசிறி ஆகிய நான்கும் இருக்கின்றன. வெப்பநிலைக் குமிழ் 50 டிகிரியில் தொடங்கி 250 வரை செல்கிறது. வார இறுதியில் ரொட்டியும், பிள்ளைகளுக்காகக் கேக்கோ பிஸ்கட்டோ செய்கிறோம்.

கீசரும் ஹீட்டரும் ஓடுகிற குளிர்காலத்தில் எங்கள் மின்கணக்கீடு இரண்டு மாதத்திற்கு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கான கட்டணமும் சேர்ந்து உயர்ந்துவிடும் என்பதால், ஓவனை எவ்வளவு பயன்படுத்தலாம் என்ற தயக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. ஒரு கேக்கிற்கு உண்மையில் எத்தனை யூனிட் செலவாகும்? முன்கூட்டியே சூடாக்குவது எப்போதும் தேவைதானா? மின்விசிறியைப் போட்டால் செலவு கூடுமா, குறையுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் இரவு நேரத்தில் எங்கள் சமையலறை 10, 12 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மாலையில் உறை ஊற்றிய பால் மறுநாள் காலையில் பாலாகவே இருக்கிறது. இல்லையென்றால் கொழகொழவென்று நூல் விடுகிறது. ஹாட் பேக்கில் வைத்தும், கம்பளியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தும் மாமியார் எப்படியோ சமாளிக்கிறார். ஓவனில் தயிர் தோய்க்க முடியுமா என்பதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வாட் கணக்கு

வணக்கம் சகோதரி. முதலில் யூனிட் கணக்கைப் பார்ப்போம். ஓவனின் விவரத் தகட்டில் 3 கிலோவாட் என்று இருப்பதைக் கண்டு, ஒரு மணி நேரத்திற்கு 3 யூனிட் செலவாகும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். குமிழில் வைத்த வெப்பநிலையை அடையும் வரைதான் காயில் தொடர்ந்து எரியும். அதன்பிறகு, சுவர் வழியாகவும் கதவுக் கண்ணாடி வழியாகவும் கசியும் வெப்பத்தை ஈடுகட்டுவதற்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். 70 லிட்டர் ஓவனை 180 டிகிரிக்குக் கொண்டுவர 10 முதல் 15 நிமிடங்களும் ஏறத்தாழ அரை யூனிட்டும் ஆகும். அதன்பின் முக்கால் மணி நேரம் கேக் வேகுவதற்கு ஆகும் செலவும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே ஒரு கேக்கிற்கு 1 யூனிட், அல்லது அதற்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் 2015 முதல் ஓவன்களில் ஒட்டப்படும் ஆற்றல் முத்திரையைப் பார்த்தாலும், இந்த அளவுள்ள ஓவன்களுக்கு ஒரு சுற்றுக்கு 0.7 முதல் 0.9 யூனிட் வரை குறிக்கப்பட்டிருக்கும். நீரில் ஊறவைத்துக் குளிர்வித்த ஒரு நுண்துளைச் செங்கல்லை உள்ளே வைத்து, அதன் வெப்பநிலை 55 டிகிரி உயரும் வரை ஆகும் மின்சாரத்தை அளந்து அந்த எண்ணைப் பெறுகிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகிறது. செலவில் பாதி, வெறும் ஓவனைச் சூடேற்றுவதற்கே போய்விடுகிறது. அந்தச் சூட்டை ஒரே ஒரு கேக்கிற்காக உண்டாக்கிவிட்டு, பிறகு கதவைத் திறந்து சமையலறைக் காற்றில் விடுவதுதான் உண்மையான வீண்செலவு. ஒருமுறை ஏற்றிய சூட்டில் இரண்டு மூன்று வேலைகளை அடுத்தடுத்து முடித்தால், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு தானாகக் குறைந்துவிடும்.

மின்விசிறியின் மோட்டார் எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். சூடான காற்று சுழன்று உணவின் மேல் படுவதால், வழக்கமான வெப்பநிலையைவிட 20 டிகிரி குறைத்து வைக்கலாம். இரண்டு தட்டுகளை ஒரே நேரத்தில் மேலும் கீழுமாக வைக்கவும் முடியும். மேல், கீழ் காயில்களை மட்டும் பயன்படுத்தும்போது இரண்டு தட்டுகள் வைத்தால், மேல்தட்டு கீழ்த்தட்டுக்கு வெப்பத்தை மறைத்துவிடும். எனவே பிஸ்கட் போன்றவற்றிற்கு மின்விசிறியே சிறந்தது என்பது என் கருத்து.

வேலைக்குத் தேவையில்லாத தட்டுகளையும் கம்பி வலையையும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிடுங்கள். 4 கிலோ இரும்பை 20 டிகிரியிலிருந்து 180க்குச் சூடாக்க 0.08 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. சிறிய தொகைதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் காரணமின்றிக் கொடுப்பானேன்? உங்கள் ஓவனில் பைரோலிடிக் எனப்படும் தானியங்கிச் சுத்தம் இருந்தால், அதை மிக அரிதாகவே பயன்படுத்துங்கள். அது உட்புறத்தை ஏறத்தாழ 500 டிகிரி வரை சூடாக்குவதால், ஒரே தடவையில் 3 முதல் 5 யூனிட் வரை இழுத்துவிடும். செய்தே தீர வேண்டுமென்றால், ரொட்டி சுட்டு ஓவன் சூடாக இருக்கும்போதே தொடங்குங்கள்.

மலைப்பகுதிகளில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரங்களையும் கவனத்தில் கொள்ளுங்கள். காயிலின் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதால், 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் வெப்பம் முக்கால் பங்காகக் குறைந்துவிடும். அப்போது ஓவன் சூடேற வெகுநேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுவதும் வெப்பம் கசிந்துகொண்டும் இருக்கும். கீசரும் ஓவனும் ஒரே சமயத்தில் ஓடாமல் பார்த்துக்கொண்டாலே வீட்டு வயரிங்கில் ஏற்படும் அழுத்த இழப்பு ஓரளவு குறையும்.

மாவும் ஈஸ்டும்

மேலே எழுதிய நண்பரின் கணக்கை நான் வரவேற்கிறேன். அதை அடுப்படியில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பாஞ்ச் கேக், பப்ஸ், பிட்சா, பிஸ்கட் ஆகியவற்றிற்கு முன்சூடு கட்டாயம் வேண்டும். உள்ளே வைத்த உடனே சூடு பட்டால்தான் கேக் பொங்கும், பப்ஸின் அடுக்குகள் பிரியும். ஆனால் காய்கறி வாட்டுவது, புட்டிங், கிரனோலா, ஏற்கெனவே வெந்த பொருள்களை மேலே சீஸ் தூவிச் சூடாக்குவது ஆகியவற்றைக் குளிர்ந்த ஓவனில் வைத்தே தொடங்கலாம். ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஈஸ்ட் ரொட்டியைக்கூடப் பலர் குளிர்ந்த ஓவனில் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்யும்போது, மாவை முழுமையாக உப்பவிடாமல் சற்று முன்னதாகவே வைத்துவிட வேண்டும்.

பல பொருள்கள் செய்யும் நாளில் வெப்பநிலை இறங்குமுகமாக வருமாறு வரிசைப்படுத்துங்கள். முதலில் 220 டிகிரியில் ரொட்டி, அது வெளியே வந்ததும் 175இல் கேக், பிறகு 150 அல்லது 160இல் பிஸ்கட், கடைசியாக ஓவனை அணைத்துவிட்டு மிஞ்சிய சூட்டில் பழைய ரொட்டித் துண்டுகள். கதவை மூடியபடி ஒரு மணி நேரம் விட்டால், மெல்லியதாக நறுக்கிய துண்டுகள் ஈரம் போய், ஒடித்தால் சடக்கென்று முறியும் ரஸ்க்காகிவிடுகின்றன. இதே வேலைகளை ஏறுமுகமாகச் செய்தால், உச்சச் சூடு கடைசியில் பயனின்றி எஞ்சிவிடும். நாற்பது நிமிடத்திற்கு மேல் வேகும் எதற்கும், கடைசி ஐந்து முதல் பத்து நிமிடத்திற்கு முன்பே ஓவனை அணைத்துவிடலாம். ஆனால் அதன்பின் கதவைத் திறக்கக் கூடாது. கேக் வெந்துவிட்டதா என்பதைக் கண்ணாடி வழியாக விளக்கொளியில் பாருங்கள். குச்சி விட்டுப் பார்க்கும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தின் நிறத்திற்கும் பங்கு உண்டு. கறுத்த டின்கள் வெப்பக் கதிரை வாங்கிக்கொள்கின்றன, பளபளக்கும் அலுமினியம் திருப்பி அனுப்பிவிடுகிறது. ரொட்டிக்குக் கறுப்பு டின்னையும், அடி சீக்கிரம் சிவந்துவிடக் கூடாத பிஸ்கட்டுக்கு வெளிர் தட்டையும் நான் பயன்படுத்துகிறேன். இரண்டு துண்டு ரொட்டியைச் சூடுபடுத்த மட்டும் 70 லிட்டர் ஓவனைப் போடவே போடாதீர்கள். தோசைக்கல் எதற்கு இருக்கிறது?

நீங்கள் குன்னூரில் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். அங்குள்ள 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் வேகமாகப் பொங்கி நடுவில் அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரை நான்கில் ஒரு பங்கு குறைத்து, வெப்பநிலையைச் சுமார் 10 டிகிரி கூட்டினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பால்நுட்பம்

தயிரைப் பற்றி எழுதுகிறேன். பால் பதப்படுத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், தயிர் தோயாமைக்குக் குளிர் மட்டும் காரணமாக இருப்பதில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாலைப் பொங்கவிட்டு உடனே இறக்கிவிடாமல், சிறு தீயில் கிளறியபடி இன்னும் 10 நிமிடம் வையுங்கள். உங்கள் ஊரில் நீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனாலும் அது போதுமானதே. 85 டிகிரிக்கு மேல் சற்று நேரம் வைத்திருந்தால் பாலில் உள்ள மோர்ப்புரதங்கள் விரிந்து கேசின் என்ற மற்றொரு பால்புரதத்தோடு பிணைந்துகொள்ளும். அந்தப் பிணைப்புதான் தயிருக்குக் கெட்டித்தன்மையைத் தந்து, நீர் பிரியாமல் காக்கிறது. பிறகு பாலை 42, 43 டிகிரிக்கு ஆறவிடுங்கள். வெப்பமானி இல்லையென்றால், கழுவித் துடைத்த சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள்: பத்து எண்ணும் வரை பொறுக்க முடிந்து, அதன்பின் எடுத்துவிடத் தோன்றினால் அதுவே பதம். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி புதிய தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து கலந்தால் போதும். குளிருக்கு அஞ்சி உறையை இரட்டிப்பாக்கினால், தயிர் தோய்வதற்குள் புளித்துவிடும்.

நூல் விடுவதற்கும் விடை வெப்பநிலையில்தான் இருக்கிறது. வீட்டு உறைமோரில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்திருக்கும். 40 டிகிரியை ஒட்டி நன்கு வளர்பவை உண்டு, 20 முதல் 30 டிகிரிக்குள் வளர்பவையும் உண்டு. பால் விரைவாகக் குளிர்ந்துவிட்டால், தாழ்ந்த சூட்டில் பசை போன்ற பொருளைச் சுரக்கும் வகைகளின் கை ஓங்கிவிடும். ஒருமுறை அப்படியானால் அந்தத் தயிரை மீண்டும் உறையாகப் பயன்படுத்தாமல், வேறிடத்தில் நல்ல உறை வாங்கித் தொடங்குங்கள்.

இனி ஓவனுக்கு வருவோம். குமிழை 50 டிகிரியில் வைத்து இரவு முழுவதும் விடுவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். தாழ்ந்த வெப்பநிலைகளில் குமிழின் துல்லியம் மிகக் குறைவு. காயில் ஒருமுறை எரிந்து அணைந்தாலே உட்காற்று 60ஐத் தாண்டக்கூடும். 50க்கு மேல் உறையின் நுண்ணுயிர்கள் சோர்ந்து, 60ஐ நெருங்கும்போது பெரும்பாலும் மடிந்துவிடும். மாவு உப்பவைக்கும் அமைப்போ தயிருக்கென்றே தனி அமைப்போ உள்ள ஓவன்களில் மட்டும் தொடர்ந்து வைக்கலாம்.

உங்கள் ஓவனுக்கு ஏற்ற வழி, மேலே நண்பர்கள் சொன்ன மிஞ்சிய சூடுதான். பேக்கிங்கை மாலையில் முடித்துக்கொள்ளுங்கள். ரஸ்க்கும் ஆன பிறகு, சாதாரண ஓவன் வெப்பமானியை நடுத்தட்டில் வைத்து, அது 45க்கு இறங்கியதும் உறை ஊற்றிய பாத்திரத்தை மூடி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். சுவர்களைச் சுற்றியுள்ள காப்பு வெப்பத்தை மெல்லவே வெளியே விடும். ஒரு லிட்டரைவிட இரண்டு லிட்டராகத் தோய்த்தால் பாலே தன் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். குளிர்காலம் முடியும் வரை மண்சட்டியைத் தவிர்த்து எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தைப் பயன்படுத்துங்கள். மண்சட்டி நீரை உறிஞ்சித் தயிரைக் கெட்டியாக்கும் என்பது உண்மையே, ஆனால் அந்த நீர் ஆவியாகும்போது சட்டி குளிர்ந்துவிடும்.

ஐந்து மணி நேரம் கழித்துப் பாத்திரத்தை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஒரே திரளாக விளிம்பைவிட்டு நகர்ந்து, அந்த இடுக்கில் இளம்பச்சை சாயலுள்ள தெளிநீர் ஒரு கோடாகத் தெரிந்தால் தோய்ந்துவிட்டது என்று பொருள். உடனே குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

குன்னூர்ச் சாரல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை மாலையில் பேக்கிங்கை வைத்துக்கொண்டு, இரவில் தயிருக்கு ஓவனை ஒதுக்குவது எங்களுக்கு வசதியாகவே இருக்கும். பேக்கிங் இல்லாத நாள்களில் என்ன செய்வது? ஓவன் விளக்கை மட்டும் எரியவிட்டாலே தயிர் தோய்ந்துவிடும் என்று சென்னையில் இருக்கும் என் அக்கா சொல்கிறார். எங்கள் குமிழில் விளக்கு தனியாக எரியும் நிலை இருக்கிறது.

வாட் கணக்கு

சென்னையில் அது போதும், ஏனெனில் அங்கே சமையலறையே 28, 30 டிகிரியில் இருக்கும். உங்கள் வீட்டில் 25 வாட் விளக்கு ஓவனின் உட்காற்றைச் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரிகள் உயர்த்துமே தவிர, 11 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுபோகாது. ஆகவே முதலில் குமிழை 50இல் வைத்து 2 நிமிடம் மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். 3 கிலோவாட் ஓவனில் அதற்கு 0.1 யூனிட்தான் ஆகும். வெப்பமானி 45க்குக் கீழே வந்ததும் பாலை வைத்து, கீழ்த்தட்டில் வெந்நீர் நிரம்பிய மூடிய பாத்திரம் ஒன்றையும் வைத்து, விளக்கை எரியவிடுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் 0.2 யூனிட். உள்ளே இருப்பது எல்இடி விளக்காக இருந்தால் அது பயன்படும் அளவுக்கு வெப்பம் தராது. அப்போது வெந்நீரை மட்டும் நடுவில் ஒருமுறை மாற்றுங்கள்.

பால்நுட்பம்

பாத்திரத்தைத் துண்டால் சுற்றி வைப்பதாக இருந்தால், காயில் முழுவதும் ஆறியபின் வையுங்கள். துணி காயிலிலோ விளக்கிலோ படக் கூடாது. உள்ளே தயிர் இருக்கிறது என்று எழுதிய சீட்டை ஓவனின் குமிழிலேயே ஒட்டிவிடுங்கள். காலையில் எழுந்த வேறொருவர் அது தெரியாமல் 200 டிகிரிக்குச் சூடேற்றினால் தயிர் கெடுவது ஒருபுறம், துண்டு தீப்பற்றும் ஆபத்தும் இருக்கிறது. முதல் தடவை மட்டும், தூங்கப்போகும் முன் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாக வெப்பமானியைப் பாருங்கள். 35க்குக் கீழே இறங்கியிருந்தால் அடுத்த முறை வெந்நீரின் அளவைக் கூட்டுங்கள், உறையின் அளவைக் கூட்ட வேண்டாம்.